திருத்தம் வந்துசேர்ந்தது, தள்ளிப்போட்டது நாம்

மயிலாடும்பாறையிலும் கடமலைக்குண்டிலும் வருசநாட்டிலும் கணினியை வைத்துப் பிழைக்கிற நமக்கெல்லாம் கைவசம் ஒரு பதில் உண்டு. ‘சர்வர் டவுன்.’ சாதிச் சான்றிதழுக்கு வந்த மாணவனிடம் சொல்வோம். முதியோர் ஓய்வூதிய மனுவோடு வந்த அப்பத்தாவிடமும் அதையே சொல்வோம். சென்னையில் எங்கோ ஒரு பெரிய இயந்திரம் படுத்துவிட்டது, நம் கையில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சில நாள் அது உண்மைதான். ஆனால் பல நாள் படுத்துக்கிடந்தது நம் மேசையிலேயே இருந்த சிஸ்டம். அதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அது ஏன் படுத்தது என்று கேட்டுப்பார்க்கவும் தோன்றவில்லை.

நாம் என்று சொல்லும்போது இ-சேவை மையத்து ஆபரேட்டர்களோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் வரவு வைக்கிறவர், ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி ரசீது போடுகிறவர், பள்ளிக்கூடத்துக் கணினி அறைச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறவர், ஜெராக்ஸ் கடைக்காரர், ஃபார்மேட் அடித்துக் கொடுக்கிற சர்வீஸ் தம்பி, வரிசையில் நின்று “சீக்கிரம் போடுங்கண்ணே” என்று அவசரப்படுத்துகிறவர் என்று எல்லோருமே இதில் வருவோம். இத்தனையையும் பார்த்துக்கொண்டே இதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் இருந்தவர்களும் வருவோம். மூல வைகை வறண்டதைப் பற்றி எழுதினோம், மேகமலை யானைகளைப் பற்றி எழுதினோம், இலவம் பஞ்சு விலையைப் பற்றிப் பேசினோம். நம் ஊரின் அன்றாடம் முழுவதும் பத்துப் பதினைந்து பழைய கணினிகள் வழியாக ஓடத் தொடங்கியதை நாம் பேசத் தகுந்த விஷயமாகவே நினைக்கவில்லை.

இதன் விலையைக் கொடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். மேகமலைக் காட்டுக்குள் இருக்கும் அரசரடி, பொம்மராஜபுரம், இந்திரா நகர் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு சான்றிதழுக்காகக் கீழே இறங்கி வந்தால் அன்றைய கூலி போயிற்று. ஜீப்புக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு. வந்த இடத்தில், “சர்வர் இல்லத்தா, நாளைக்கு வா” என்கிறோம். “சரிப்பா” என்று திரும்பிப் போகிறார்கள். சண்டை போடுவதில்லை. அவர்கள் சண்டை போடாததையே நாம் சாதகமாக எடுத்துக்கொண்டோம். ஜூன் மாதக் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் வருமானச் சான்றிதழோ முதல் பட்டதாரிச் சான்றிதழோ இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒரு பிள்ளைக்குக் கலந்தாய்வே கைநழுவலாம். அப்போதும் நம் வாயில் அதே பதில்தான்.

சிஸ்டம் எப்படியெல்லாம் படுக்கும் என்று பார்ப்போம். ஒரு கணினியை முடக்க அதற்குள் புகுந்து திருட வேண்டும் என்பதில்லை. வலைப்பின்னலில் சேர்ந்த எந்தக் கணினியும் சில வேலைகளுக்காக எந்நேரமும் காத்துக்கொண்டிருக்கும். பக்கத்து சிஸ்டம் ஃபைல் கேட்டால் கொடுக்க வேண்டும், பிரின்ட் அனுப்பினால் வாங்கிக்கொள்ள வேண்டும். வருகிற தகவல் இவ்வளவு நீளம்தான் இருக்கும் என்று நம்பி, அதை அளந்து பார்க்கும் ஒரு வரியை மென்பொருள் எழுதியவர் விட்டிருப்பார். யாரோ ஒருவர் வேண்டுமென்றே கோணலாகச் செய்த தகவல் துணுக்கை அனுப்பினால் மென்பொருள் தடுமாறி நின்றுவிடும். அல்லது நினைவகத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கி மொத்த சிஸ்டத்தையும் திணறடிக்கும். எதுவும் களவு போகாது, எதுவும் அழியாது, வேலை மட்டும் நின்றுபோகும். இதைச் சேவை மறுப்புத் தாக்குதல் என்கிறார்கள். தீர்வு பெரும்பாலும் மிகச் சிறியது. விட்டுப்போன அந்தச் சரிபார்ப்பைச் சேர்த்து, மென்பொருளை எழுதியவர்களே ஒரு திருத்தம் வெளியிடுவார்கள். கணினித் துறைத் தம்பிகள் அதை பேட்ச் என்பார்கள், நமக்கு அது அப்டேட்.

இந்தத் தொல்லை நேற்று முளைத்ததும் இல்லை. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் எழுதிய புழு நிரல் ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சன், வாக்ஸ் கணினிகளுக்குள் அவற்றின் மென்பொருளில் இருந்த குறைகள் வழியாக நுழைந்தது. அது எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஒரே கணினிக்குள் தன்னைத் தானே மறுபடி மறுபடி நகலெடுத்துக்கொண்டதில் இயந்திரங்கள் மூச்சுத் திணறி நின்றன. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டிருக்கும் என்று அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இத்தகைய அவசரங்களைக் கவனிக்க கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற குழு தொடங்கப்பட்டது. நம் நாட்டின் செர்ட்-இன் 2004 ஜனவரியில் வந்தது. அன்று முதல் எந்த மென்பொருளில் என்ன குறை, அதற்கு எங்கே திருத்தம் என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த அறிவிப்பில் ஒன்றையாவது படித்தோம்?

2003 ஆகஸ்டில் தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். திரையில் திடீரென ஒரு பெட்டி வரும். அறுபது விநாடியில் கணினி அணைந்துவிடும் என்று கடிகாரம் இறங்கும். பாதி அடித்த விண்ணப்பம் போயே போய்விடும். அது பிளாஸ்டர் என்ற புழுவின் வேலை. விண்டோஸ் எக்ஸ்பியின் ஒரு சேவையை அது குழப்பி நிறுத்த, அந்தச் சேவை நின்றதும் கணினி தானே மறுதொடக்கம் ஆகும். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. புழு வந்தது ஆகஸ்ட் 11 அன்று. நாம் அப்போது கற்றுக்கொண்டது திருத்தத்தைப் பற்றி இல்லை. ‘ஷட்டவுன் -ஏ’ என்று அடித்தால் கடிகாரம் நின்றுவிடும் என்ற தந்திரத்தைத்தான் கற்றோம். அதைக் கடைக்குக் கடை சொல்லிக்கொடுத்தோம், அது தெரிந்தவரைக் கெட்டிக்காரர் என்றோம். கோளாறு உள்ளேயே இருக்க, அறிவிப்பை மட்டும் மறையச் செய்யும் பழக்கம் நமக்கு அங்கேதான் ஊறியது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை குனியத்தான் வேண்டும். 2003 ஜனவரி 25 அன்று சில நிமிடங்களில் உலகின் பல்லாயிரம் சர்வர்களைப் பிடித்து, தென்கொரியாவின் இணையத்தையே நிலைகுலைய வைத்த ஸ்லாமர் புழுவுக்குத் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. 2004 ஏப்ரல் 30 அன்று வெளிப்பட்ட சாசர் புழுவுக்குத் திருத்தம் ஏப்ரல் 13 அன்று வந்தது. 2017 மே 12 அன்று உலகை உலுக்கிய வான்னக்ரை என்ற பணப் பறிப்புப் புழுவுக்குத் திருத்தம் மார்ச் 14 அன்று வந்தது. பிளாஸ்டரையும் சேர்த்து ஆறு மாதம், இருபத்தாறு நாள், பதினேழு நாள், ஐம்பத்தொன்பது நாள் என்று இடைவெளி மாறியது. திருத்தம் முந்தி வந்தது, கேடு பிந்தி வந்தது என்ற வரிசை மட்டும் ஒருமுறையும் மாறவில்லை. நடுவில் இருந்த அந்த நாட்கள் நமக்குக் கொடுக்கப்பட்டவை. அவற்றை நாம் வீணடித்தோம்.

வான்னக்ரை எங்கோ வெளிநாட்டில் நடந்தது என்று ஒதுக்கவும் வழியில்லை. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலை பாதிக்கப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும் பத்தனம்திட்டாவின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தவர்கள் பணம் கேட்கும் மிரட்டலைப் பார்த்தார்கள். கடமலை-மயிலை ஒன்றியத்தில் இருப்பதைப் போன்ற சாதாரண ஊராட்சி அலுவலகங்கள்தான் அவையும். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் குறைந்தது 6,912 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தானதாக அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு பிறகு கணக்கெடுத்தது. திருத்தத்தை உடனே போடுங்கள் என்று அந்த மருத்துவமனைகளுக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை போயிருந்ததையும் அதே அறிக்கை சொன்னது. எச்சரிக்கை கிடைத்தும் சும்மா இருந்தது நாம் மட்டும் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆறுதலால் யாருக்கும் சான்றிதழ் கிடைக்காது.

அந்த வாரம் நாம் என்ன செய்தோம்? ஏடிஎம்கள் மூன்று நாள் இயங்காது என்ற வாட்ஸ்அப் வதந்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினோம். சிஸ்டத்தை இரண்டு நாள் அணைத்து வைத்தோம். தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்று பெரிய மனிதத் தோரணையில் அறிவுரை சொன்னோம். வான்னக்ரை பரவ யாரும் மெயிலைத் திறக்கத் தேவையே இல்லை. ஃபைலையும் பிரின்டரையும் பகிர உதவும் எஸ்எம்பி-1 என்ற பழைய நெறிமுறையின் குறை வழியாக அது ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே தாவியது. பழைய ஜெராக்ஸ் மிஷினிலிருந்து ஸ்கேன் அனுப்ப அது வேண்டும் என்று நம் கடைகளில் பலவற்றில் இன்றும் அதைத் திறந்தே வைத்திருக்கிறோம். பரபரப்பு அடங்கியது. அதோடு நமது கவனமும் அடங்கியது.

நம் பகுதியில் கண்மாய் உடைவது மழை நாளில்தான். ஆனால் உடைவதற்கான காரணம் கோடையிலேயே கரையில் இருக்கும். ஒரு எலி வளையோ நண்டு வளையோ போதும். ஐப்பசிக்கு முன் ஊர் கூடிக் கரையைச் சுற்றி நடந்து, வளையைத் தேடி, மண் போட்டு மிதித்து அடைப்பார்கள். ஓட்டை சின்னதுதானே என்று யாரும் விட்டதில்லை, என் வயலுக்கு மேலே இல்லையே என்று ஒதுங்கியதும் இல்லை. குடிமராமத்து என்று பேர் வைத்து முறைப்படுத்திய ஊர்கள் இவை. பிறகு அதையும் மெல்ல விட்டோம், பொதுப்பணித் துறை பார்த்துக்கொள்ளும் என்றோம். கரையில் பழகிய அதே அலட்சியத்தைத்தான் கணினி வந்தபோது அதனிடமும் காட்டினோம். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் இருந்தோம்.

மறந்துவிட்டோம் என்று சொன்னால் அதிலும் பாதிதான் உண்மை. வந்த திருத்தத்தை நாமே பிடுங்கி எறிந்த கதையும் உண்டு. 2021இல் விண்டோஸின் பிரின்ட் ஸ்பூலர் என்ற அச்சுச் சேவையில் பெரிய குறை ஒன்று வெளியானது. பிரின்ட்நைட்மேர் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். ஜூலையிலிருந்து அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. செப்டம்பரில் வந்த திருத்தத்தைப் போட்டதும் பல இடங்களில் ஒரு சிஸ்டத்தில் மாட்டிய பிரின்டரைப் பக்கத்து சிஸ்டத்திலிருந்து பயன்படுத்த முடியாமல் போனது. ‘11பி’ என்று முடியும் ஒரு பிழை எண் திரையில் வரும். கடையில் கூட்டம் நிற்கிறது, பிரின்ட் வரவில்லை. சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டோம். அவர் இருந்த இடத்திலிருந்தே எளிய வழி சொன்னார். அப்டேட்டை அன்இன்ஸ்டால் பண்ணுங்க, திரும்பி வராம நிறுத்தி வைங்க. பிரின்ட் வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நிறுத்தியதை மறுபடி எப்போது திறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் தம்பியின் மேல் பழி போடுவதும் தவறு. கிராக் விண்டோஸ் போட்டுக் கொடு, ஐநூறு ரூபாயில் முடி என்று கேட்டது நாம். அசல் உரிமத்தின் விலையைச் சொன்னால் அடுத்த ஊர் ஆளைத் தேடினோம். கிராக் வேலை செய்யவேண்டும் என்பதற்காக முதல் காரியமாக அவர் அப்டேட்டை நிறுத்தினார். நாம் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். வேறு சில இடங்களில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டோம். யார் என்ன செய்தாலும் மறுதொடக்கம் செய்ததும் கணினி பழைய நிலைக்கே போய்விடும். வைரஸ் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். உறைநிலையில் வைத்தபடியே வந்த திருத்தங்களும் ஒவ்வொரு காலையும் அதோடு சேர்ந்து கழுவிக்கொண்டு போயின. அதைத் திறந்துவிட்டு அப்டேட் போட வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. கையேடு படிக்கிற பழக்கம் நமக்கு எப்போது இருந்தது?

அப்டேட் போடத் தெரியாதவர்கள் நாம் என்றும் சொல்லமுடியாது. கைரேகை மிஷினுக்கான ஆர்டி சர்வீஸ் காலாவதி ஆகிவிட்டால் அன்று ஆதார் வழிப் பணம் எடுத்துக் கொடுக்க முடியாது. அதற்கு மட்டும் இரவு பதினோரு மணி ஆனாலும் உட்கார்ந்து, டவுன்லோட் போட்டு, வேலை செய்கிறதா என்று நம் விரலையே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினோம். வருமானம் நிற்கும் என்றால் கைக்கு வேகம் வந்தது. ஆபத்து வரும் என்றால் ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானுக்கு விரல் தானாகப் போனது. தெரியாமையும் வசதியின்மையும் பேசிக்கொண்டிருந்த நம்மை இந்த ஒரு பழக்கமே காட்டிக்கொடுக்கிறது.

நம் சிஸ்டம் நம்மோடு போகட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் இணையதளங்களுக்கு வழிகாட்டும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. தாக்கியவை பெரிய கணினிகள் இல்லை. கடவுச்சொல் மாற்றப்படாத சிசிடிவி கேமராப் பெட்டிகளும் மோடங்களும்தான். அடுத்த ஆண்டு ஜூலையில் நம் நாட்டிலேயே பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்கள் ஆயிரக்கணக்கில் நிரல் தாக்குதலில் முடங்கின. மோடம் வாங்கிய நாளிலிருந்து ‘அட்மின்’ என்றே இருந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த ‘அட்மின்’ இன்னும் எத்தனை கடைகளில் அப்படியே இருக்கிறது என்று நம் ஊரிலேயே ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம். வெட்கப்படத் தயாராக இருந்தால்.

2024 ஜூலை 31 அன்று நடந்தது நம்மைப் போன்ற ஊர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தில் பணப் பறிப்பு நிரல் புகுந்தது. கேடு பரவாமலிருக்க தேசியப் பணம் செலுத்தும் கழகம் அந்நிறுவனத்தைத் தன் வலையிலிருந்து துண்டித்தது. நாட்டின் சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களால் அன்று யுபிஐயில் பணம் அனுப்ப முடியவில்லை. மறுநாள்தான் சரியானது. தொடக்கம் எங்கே என்று ஆராய்ந்த கிளவுட்செக் நிறுவனம், தொடர்புடைய வேறொரு நிறுவனத்தில் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் ஓடிய சர்வர் சரியாகப் பராமரிக்கப்படாததைச் சுட்டியது. அந்த ஜென்கின்ஸ் குறைக்கு ஜனவரியிலேயே திருத்தம் வந்திருந்தது. யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் தள்ளிப்போட்டதற்கு, மாட்டுக்குத் தீவனம் வாங்க நின்ற விவசாயி கடை வாசலில் கையைப் பிசைந்தார். நாம் தள்ளிப்போடுவதற்கும் அதே மாதிரி யாரோ எங்கோ நிற்கத்தான் செய்கிறார்கள்.

நம் பக்கத்துச் சிரமங்கள் பொய்யில்லை. அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனால் சிஸ்டம் திறக்காமலே போகலாம். யுபிஎஸ் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். செல்போன் டேட்டாவில் கடை நடத்துகிறவருக்கு ஒரு பெரிய அப்டேட் அன்றைய டேட்டாவையே தின்றுவிடும். திருத்தமே கேடாவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதைக் காட்டி, பார்த்தீர்களா, அப்டேட் போட்டால் இப்படித்தான் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது சொன்ன பாடம் வேறு. முதலில் ஒரு சிஸ்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றில் போடு என்பதுதான் அது. அந்தப் பாடத்தை விட்டுவிட்டு நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் ஒன்றியத்துப் பிள்ளைகள் படித்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வேலையே வெளிநாட்டு வங்கிகளின் சர்வர்களுக்கு ராத்திரி ஷிஃப்டில் பேட்ச் போடுவது. எந்தக் குறைக்கு எந்தத் திருத்தம், எத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார்கள். அம்மாவின் போனில் இடம் காலி பண்ணிக் கொடுக்கிறார்கள். தெருமுனையில் இருக்கும் இ-சேவை மையத்தின் விண்டோஸ் எத்தனை வயது என்று எட்டிப் பார்ப்பதில்லை. நாமும் அவர்களைக் கேட்டதில்லை. பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்லிப் பெருமைப்பட்டதோடு சரி. அந்த வேலை நம் ஊருக்கும் வேண்டும் என்று நமக்கு உறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக் கணினி அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று மாதக்கணக்கில் பூட்டி வைத்தோம். பூட்டிக்கிடந்த கணினிக்குத் திருத்தம் எப்படி வரும்? திறந்த நாளில் பல மாதத்து அப்டேட்டும் ஒன்றாகக் கேட்டது, வகுப்பு முடிந்துபோனது, மறுபடி பூட்டினோம். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. இலவசமாக, உரிமத் தொல்லையில்லாமல் திருத்தம் பெறக்கூடிய ஒரு வழி கையில் இருந்தது. இடம் அடைக்கிறது என்று சொல்லி முதல் வாரத்திலேயே அதை அழித்தோம்.

கிராம சபையையும் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தெருவிளக்கைக் கேட்டோம், குடிநீர்க் குழாயைக் கேட்டோம், நூறு நாள் வேலையைக் கேட்டோம். கேட்க வேண்டியவைதான். வீட்டு வரி ரசீது போடுகிற ஊராட்சிக் கணினிக்குக் கடைசியாக எப்போது அப்டேட் போட்டீர்கள் என்று ஒருவரும் எழுந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லவாவது யாராவது போட்டிருப்பார்கள்.

காலம் நமக்காக நிற்கவில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. அப்படிப் பதிவு செய்யாத பழைய விண்டோஸில், இனி கண்டுபிடிக்கப்படும் குறைகளுக்குத் திருத்தம் வராது. இத்தனை காலம் வந்ததைப் போடாமல் இருந்தோம். இனி போட நினைத்தாலும் இருக்காது. புது சிஸ்டம் வாங்க முடியாதவர்களுக்குப் பழைய கணினியிலேயே ஓடும் லினக்ஸ் இருக்கிறது. நாம் அன்று அழித்த வழிதான் அது.

செய்ய வேண்டியவை எதுவும் நம் சக்திக்கு மீறியவை இல்லை. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைதான் மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் திருத்தங்களை வெளியிடுகிறது. நமக்கு அது ராத்திரி ஆகிவிடும். ஆகவே மறுநாள் புதன்கிழமை இரவை அதற்கென்று ஒதுக்கலாம். கடை மூடும் நேரத்தில் முதலில் ஒரு சிஸ்டத்தில் போட்டு, பிரின்டரும் கைரேகை மிஷினும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, வியாழக்கிழமை மற்றவற்றில் போடலாம். எஸ்எம்பி-1 தேவையில்லாத இடத்தில் அதை நிறுத்திவிடலாம். மோடத்தின் கடவுச்சொல்லை மாற்றலாம். முக்கியமான கோப்புகளை ஒரு தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, எடுத்ததும் கழற்றி வைக்கலாம். வைரஸ் சந்தேகம் இருந்தால் செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த சிஸ்டத்துக்கு எந்தத் தேதியில் அப்டேட் போட்டோம், போட்டபின் என்ன தகராறு வந்தது என்று எழுதி வைக்கலாம். ஒரு கடைக்காரருக்கு வந்த தகராறு அடுத்தவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், அப்டேட்டைப் பிடுங்கி எறிய வேண்டிய அவசியம் வராது. பேட்டரிக்கும் டேட்டாவுக்கும் ஆகிற செலவைத் தனி ஆளாகச் சுமக்க முடியாதவர்கள் நாலு கடை சேர்ந்து சுமக்கலாம். பொங்கலுக்கு வரும் பிள்ளைகளை ஒரு சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லித்தரச் சொல்லலாம். வரிசையில் நிற்கிற நாமும், “அப்டேட் ஓடுதுங்க, பத்து நிமிஷம்” என்று ஒருவர் உண்மையைச் சொன்னால் முணுமுணுக்காமல் நிற்கலாம். உண்மை சொன்னவரைத் திட்டியதால்தான் அவர் பொய் சொல்லப் பழகினார்.

இதில் அரசு செய்ய வேண்டியது இருக்கிறது, நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம். நம் மேசையில் இருக்கும் கணினிக்குத் திருத்தம் போட யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் பிழையை ஒப்புக்கொண்டு, திருத்தி, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வாங்கிப் போட்டுக்கொள்ளாதது நம் குற்றம். கடமலை-மயிலை ஒன்றியத்தில் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அடுத்து வரும் திருத்தத்தைத் தள்ளிப்போடாமல், வந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். போட்டதும் பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.